வாய்மொழிக் கட்டளை

மத்திய அரசின் அலுவலகமொன்றில் புதிதாய்ச் சேர்ந்த எழுத்தர், தாம் எழுதும் குறிப்பின் ஒவ்வொரு வரியையும் அடித்துத் திருத்தி, இருக்கையை விட்டு எழுந்த நேரத்துக்கும் கணக்குக் கேட்டு, காலையில் இட்ட கட்டளையை மாலையில் மறுத்துவிடும் மேலதிகாரியிடம் அகப்பட்டுக்கொண்டால், தகுதிகாண் பருவம் முடியும்வரை மௌனமாய்ச் சகிப்பதே விவேகமென்று மூத்தவர்கள் உபதேசிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பணி நிலைபெறாதவருக்கு அச்சம் இயல்பே. அவருக்கு அப்பதவியில் உரிமையில்லையென்று 1957-இல் திங்ரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. ஆனால் தண்டனையாகவே நீக்குவதாயின் அரசியல் சாசனத்தின் 311-ஆவது ஷரத்து அவரையும் காக்கும் என்று அதே தீர்ப்பு ஸ்தாபித்ததை யார் அவருக்குச் சொல்கிறார்கள்?

அன்றாடம் இன்னும் உபயோகமானது 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் உள்ளது. மேலதிகாரியின் கட்டளை சாதாரணமாக எழுத்திலேயே இருத்தல் வேண்டும். வாய்மொழியாகப் பெற்றதை எழுத்தில் உறுதிப்படுத்துமாறு விரைவில் கேட்பது ஊழியரின் கடமை, உறுதிப்படுத்துவது அதிகாரியின் கடமை. ஆகவே, ‘தாங்கள் இன்று காலை பணித்தவாறு’ என்று தொடங்கி, நாளிட்டு, கோபமோ குறையோ தொனிக்காமல் கோப்பில் இரண்டு வரி எழுதி ஒப்பத்துக்கு அனுப்புவது ஒருகாலும் அவமரியாதையன்று. அடக்கியாளும் சுபாவமுடையோரிற் பலர், பிரிவில் நேரும் பிழைக்குத் தாம் பதில் சொல்ல நேருமே என்று உள்ளூர அஞ்சுகிறவர்கள். கேட்குமுன்பே நிலவரத்தைத் தெரிவித்துவந்தால் அவர்கள் பிடி ஓரளவு தளர்வதுண்டு. தளராதவர் விஷயத்தில், நாளிட்ட அக்குறிப்புகளே பின்னர் விசாரணையில் எழுத்தருக்குச் சாட்சியாகும்.