விளக்கெண்ணெயில் இறங்கும் குண்டு



சேலத்திலிருந்து ஆத்தூர் பஸ்ஸில் போனால், கிழங்கு வெட்டும் காலத்தில் வாழப்பாடிப் பக்கம் வந்துவிட்டதை மூக்கே சொல்லிவிடும். சேகோ மில்லின் புளித்த வாடை அது. அரைத்துச் சலித்த மரவள்ளிப் பாலைத் தொட்டியில் தேக்கி வைப்பார்கள். மணிக்கணக்கில் அசையாமல் கிடந்தால் மாவு அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் தண்ணீரைத் திறந்துவிட்டு, இறுகிய வெள்ளைக் கட்டியை வெட்டி எடுப்பார்கள். ஜவ்வரிசி அதிலிருந்துதான்.

அந்தத் தொட்டியில் நடப்பதுதான் பிளஸ் ஒன் இயற்பியல் ஆய்வகத்திலும் நடக்கிறது. உயரமான கண்ணாடி ஜாடி நிறைய விளக்கெண்ணெய். திருகு அளவியால் விட்டம் அளந்த எஃகுக் குண்டை அதில் மெதுவாக விட வேண்டும். முதலில் சற்று வேகமெடுக்கும், அப்புறம் ஒரே சீராக இறங்கும். அதன் பெயர் முற்றுத் திசைவேகம். 2 மில்லிமீட்டர் குண்டு அரை மீட்டர் இறங்க ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். 4 மில்லிமீட்டர் குண்டை விட்டுப் பாருங்கள், அதில் கால்பங்கு நேரம்தான். விட்டம் இரண்டு மடங்கானால் வேகம் நான்கு மடங்கு. 1851-இல் ஸ்டோக்ஸ் சொன்ன விதி இது. ஸ்டாப்வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குச் சூத்திரம் மறக்காது.

மரவள்ளி மாவின் மணி சராசரியாக 15 மைக்ரான் இருக்கும். அதே விதியில் கணக்குப் போட்டால், தெளிந்த தண்ணீரில் அது ஒரு மணி நேரத்துக்கு 20 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கும். அதில் பாதி விட்டமுள்ள மணிக்கு 5 சென்டிமீட்டர்தான். கெட்டியான பாலில் இன்னும் மெதுவாகும். மாவு படிய ஏன் இத்தனை நேரம், நைஸ் மாவு ஏன் தண்ணீரோடு போய்விடுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடை அந்த ஜாடிக்குள் இருக்கிறது.

அடுத்த வருஷம் பிளஸ் டூவில் மில்லிகனின் எண்ணெய்த் துளி சோதனை வரும். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அவர் அளந்ததே, துளி விழும் வேகத்திலிருந்து அதன் ஆரத்தைக் கண்டுபிடித்துத்தான். அங்கேயும் ஸ்டோக்ஸ். நான் படித்த பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தைப் பாதியிலேயே மூடிவிட்டு பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்தார்கள். மில்லிகனை மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினேன். துளி ஏன் சீரான வேகத்தில் விழுகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. அந்த ஒரு வருஷம் என்னிடமிருந்து பறிக்கப்பட்டது என்றே இன்றும் நினைக்கிறேன்.

காரணம் தெரிந்ததுதான். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் இயற்பியலுக்கு 50; அது பிளஸ் டூ மார்க்கிலிருந்து மட்டும். இந்தப் பழக்கத்தைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அது வேண்டாம் என்றது. பதினாறு வயதுப் பிள்ளையின் தோளிலிருந்து ஒரு தேர்வு இறங்குவதில் எனக்கு மகிழ்ச்சியே. தேர்வோடு சேர்த்துப் பாடமும் இறங்கிவிடுமோ என்பதுதான் என் பயம்.

பெற்றோரே, பிள்ளையின் பிளஸ் ஒன் ரெக்கார்டு நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள அளவுகள் அவன் கையால் எடுத்தவையா, பக்கத்து நோட்டிலிருந்து வந்தவையா என்று அன்பாகக் கேளுங்கள். ஆசிரியர்களே, ஜாடியை அலமாரியிலிருந்து இறக்குங்கள்.

வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் சேகோ மில் நடத்தும் வாசகர்களிடமும் ஓர் உதவி கேட்கிறேன். பக்கத்துப் பள்ளிக்கு ஒரு பாட்டில் கிழங்குப் பால் கொடுத்தனுப்புங்கள். பிள்ளைகள் அதை ஜாடியில் ஊற்றி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டி, பீரியடுக்கு ஒருமுறை அளந்து எழுதட்டும். அந்த அளவுகளை எங்களுக்கு அனுப்பினால் இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்