கடன்காரன் என்றால் நம்பக் கூடாதவனா?



நம்ம பாடியில் படிக்கிற டிப்ளமோ மாணவனிடம், "முடிச்சிட்டு எங்கேப்பா போகப் போறே?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் பக்கத்திலேயே இருக்கும் லூகாஸ் டி.வி.எஸ். என்பார்கள். பலர் சி.டி.எச். ரோட்டில் ஆவடிப் பக்கம் கையைக் காட்டுவார்கள். டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை, டாங்கியை வடிவமைக்கும் சி.வி.ஆர்.டி.ஈ. இரண்டும் அங்கேதான். அதில் வேலை கிடைத்தால் நம் வீடுகளில் அன்றைக்கே பொங்கல்!

ஆனால் பாதுகாப்புத் துறை வேலைக்கு மார்க் மட்டும் போதாது. ஆள் எப்படி என்ற விசாரணையும் உண்டு. அங்கே நம் கடனும் குறுக்கே வரலாம்.

அமெரிக்காவில் ரகசிய வேலைக்கு அனுமதி தரும் முன் 13 அம்சங்களை அலசுகிறார்கள். அதில் ஒன்று பணநிலை. காரணம் இல்லாமல் இல்லை. ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்ற சி.ஐ.ஏ. அதிகாரி 1985-இல் கடன் நெருக்கடியில் சோவியத்துக்கு ரகசியங்களை விற்க ஆரம்பித்து, 1994-இல் பிடிபட்டார். ஆனாலும் அங்கே கடன் இருந்தாலே கதவைச் சாத்திவிடுவதில்லை. நோயால் வந்த கடனா, வேலை போனதால் வந்ததா, அடைக்கப் பார்க்கிறானா என்றும் கேட்கிறார்கள்.

நம் நாட்டில்? மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964-இல் 17-ஆவது விதி, ஊழியர் தீராத கடனாளியாக இல்லாதபடி சொந்த விவகாரங்களை நடத்த வேண்டும் என்கிறது. வேலையில் சேரும்போது நிரப்பும் சரிபார்ப்புப் படிவத்தில் கைது, வழக்கு பற்றிக் கேட்பார்கள். "கடனுக்கும் வழக்குக்கும் என்னடா சம்பந்தம்?" என்கிறீர்களா? வட்டிக்குக் கொடுப்பவரிடம் வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோமே, அது பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கு! இரண்டு வருடம் வரை சிறைகூட உண்டு.

வங்கி வேலையில் இன்னும் கறார். பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, அவருடைய கடன் வரலாறு சரியில்லை என்று 2021-இல் வங்கி ரத்து செய்தது. வாங்கியதை எல்லாம் அடைத்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் வங்கி செய்தது சரி என்றது. மக்கள் பணத்தைக் கையாளும் இடத்தில் நிதி ஒழுக்கம் தேவை என்பது அதன் கருத்து.

தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அப்பா சொத்து வைத்திருப்பவன் கடன் வாங்க வேண்டியதே இல்லை; அவன் கணக்கு சுத்தம். அது ஒழுக்கமா, வசதியா? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றவன் வீட்டில் கடன் இல்லாமல் படிப்பே இல்லை!

மறைத்த கடன்தான் ஆபத்து. அதைத் தெரிந்துகொண்டவன் நம்மை ஆட்டி வைப்பான். வெளிப்படையாகச் சொல்லி, மாதாமாதம் கட்டுகிற கடன் ஒருவனின் நாணயத்துக்குச் சாட்சி. எனவே கடன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், ஏன் வந்தது, என்ன செய்தான் என்றும் கேளுங்கள் என்பதே அரசுக்கு நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

நம் பங்குக்கு நாமும் விழிப்பாக இருப்போம். வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். நண்பன் பைக் வாங்க ஜாமீன் போட்டால், அவன் கட்டாத தவணை உங்கள் பெயரிலும் ஏறும். செல்போனில் வரும் லோன் ஆப் பக்கமே போக வேண்டாம். கல்விக் கடன் வாங்கியவர்கள் எந்த மாதம் கட்ட ஆரம்பிக்க வேண்டும் என்று வங்கியில் கேட்டு எழுதி வையுங்கள். சிபில் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. வாங்கிப் பார்த்து, தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். படிவத்தில் பொய் மட்டும் எழுதாதீர்கள். மறைத்தது தெரிந்தால் கிடைத்த வேலையும் போய்விடும்.

'கடன் அன்பை முறிக்கும்' என்று பெட்டிக்கடையில் எழுதி வைத்திருப்பார்கள். அது நம் எதிர்காலத்தை முறிக்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில்!

சிந்திப்போம்! விழித்திருப்போம்!