ஆயிரத்துக்கு 23

2025 டிசம்பர் 12 அன்று ஒன்றிய அமைச்சரவை ரூ.11,718 கோடிக்கு ஒப்புதல் தந்ததும், 2021இல் முடிந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவழியாக நடைமுறைக்கு வந்துவிட்டது. 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வீட்டுப் பட்டியல், 2027 பிப்ரவரியில் தலைக்கணக்கு. செயலிவழிப் பதிவையும் சுய கணக்கெடுப்பையும் இவ்விதழ் வரவேற்கிறது. பதிவும் குறியீடும் களத்திலேயே முடிந்தால், 2011இன் இடப்பெயர்வு அட்டவணைகளுக்குக் காத்துக் கிடந்ததுபோல் இம்முறை காத்திருக்க வேண்டியிருக்காது.

இம்முறை சேரும் சாதிக் கேள்வியில் நம் நிலைப்பாடு சுருக்கமானது. 1931இல் பட்டியலான சாதிகள் 4,147. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் வந்து குவிந்த பெயர்கள் 46 லட்சத்துக்கும் மேல். குறியீட்டுப் பட்டியல் களப்பணிக்கு முன்பே பொதுவெளிக்கு வர வேண்டும்; ஆட்சேபங்களையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

நம் கவலை வேறிடத்தில் இருக்கிறது. கணக்கெடுப்புக்குப் பிந்தைய ஆய்வின்படி நிகர விடுபடல் 1991இல் ஆயிரத்துக்கு 18, 2001இல் 23, 2011இலும் 23. 121 கோடியில் இது ஏறக்குறைய 2.8 கோடிப் பேர். ஹரியானாவின் அன்றைய மக்கள்தொகையே இதைவிடக் குறைவு. அதுவும் நிகரக் கணக்குதான்: இருமுறை எண்ணப்பட்டவர்கள், எண்ணப்படாதவர்களில் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறார்கள்.

சுய கணக்கெடுப்பில் இந்த மறைப்பு கூடும். திருப்பூரில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் மகனை ஊரிலிருக்கும் தந்தை இணையத்தில் பதிந்துவிடுவார். அறைக்கு வரும் கணக்கெடுப்பாளரும் அவனைப் பதிவார். பூட்டிய அடுத்த அறையில் இருந்தவன் எங்குமே இருக்கமாட்டான். நிகர விகிதத்தில் இரண்டு பிழையும் கழிந்து, கணக்கு சுத்தமாகத் தெரியும்.

இதைவிட ஆழமான சிக்கல் சட்டகத்தில் இருக்கிறது. சி. சந்திரசேகரனும் டெமிங்கும் சிங்கூர்ப் பதிவுகளைக் கொண்டு 1949இல் வகுத்த இரட்டைப் பதிவு மதிப்பீட்டுக்கு உயிர், இரண்டு மூலங்களும் ஒன்றையொன்று சாராதிருப்பது. இம்முறை கணக்கெடுப்பு வட்டங்கள் இணைய வரைபடத்தில் உருவாகின்றன. வரைபடத்தில் விழாத குடியிருப்பு கணக்கெடுப்பிலும் விழாது. அதே வட்டங்களிலிருந்து கூறெடுக்கும் ஆய்விலும் விழாது. இரண்டும் ஒரே இடத்தில் குருடானால் விடுபடல் குறைந்ததாகவே மதிப்பீடு சொல்லும். 2027இல் விகிதம் 15க்கு இறங்கினால், அது தரம் உயர்ந்ததற்குச் சான்றா, சார்பு கூடியதற்குச் சான்றா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துச் சொல்லக்கூடிய ஏற்பாட்டை அதிகாரிகள் விரும்பியதாகவும் தெரியவில்லை. கணக்கெடுத்த அலுவலகமே பிழையையும் அளப்பது, தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்துவதற்கு ஒப்பானது. அளந்த பிறகும் விகிதத்தை அச்சிடுவார்கள்; மொத்தத்தைத் தொடமாட்டார்கள். ஆஸ்திரேலியா தன் மதிப்பீட்டு மக்கள்தொகையை இத்தகைய ஆய்வைக் கொண்டே சரிசெய்கிறது. தென்னாப்பிரிக்கா 2022இல் விடுபடல் சுமார் 31 விழுக்காடு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, திருத்திய தொகையையே வெளியிட்டது. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 81.35 கோடிப் பயனாளிகள் 2011இன் திருத்தப்படாத தொகையிலிருந்து வந்தவர்கள். விடுபட்ட 2.8 கோடிப் பேரும் அந்தக் கணக்கில் இல்லை.

அரசியலமைப்பின் 82ஆம் பிரிவு குறிப்பிடும், 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு இதுதான். மக்களவை இடங்கள் மாநிலவாரியாகப் பிரியும்போது, மண்டல அளவிலான விடுபடல் விகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பதில் சொல்வது?

ஆகவே மூன்று கோரிக்கைகள். ஆய்வைத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே உள்ள அமைப்பிடம், புதிதாக எடுத்த வீட்டுப் பட்டியலுடன் ஒப்படைக்க வேண்டும். விடுபடலையும் இருமுறை எண்ணலையும் தனித்தனியாக, மாநிலவாரியாகத் தர வேண்டும். இறுதி மக்கள்தொகை வெளியாகும் நாளிலேயே திருத்திய தொகையும் வெளியாக வேண்டும். ஆய்வின் கூறெடுப்புத் திட்டம் இன்னும் முடிவாகாவிட்டால் இக்கோரிக்கைகளை ஏற்க நேரம் இருக்கிறது. முடிவாகிவிட்டதென்றால் அதை நம் துறையிடம் மறைக்க எந்தக் காரணமும் இல்லை.