டாக்டர் எப்போ வருவார்?

பாலக்காடு, மூணாறு பக்கம் அப்பா அம்மாவுக்கு முதியோர் இல்லம் தேடுகிறவர்கள் என்னிடமும் யோசனை கேட்பார்கள். ஏ.சி. ரூமா, சைவச் சாப்பாடா, வாட்ஸ்அப்பில் முகம் பார்க்கலாமா... இதெல்லாம் கேட்பார்கள். "டாக்டர் யார், எப்போ வருவார்?" என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. டாக்டரான நானே கேட்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

கொழிஞ்சாம்பாறையில் இருந்த பெரியம்மாவை ஓர் இல்லத்தில் சேர்த்தோம். சுத்தமான இடம், அன்பான ஆட்கள். போன தையில் பார்க்கப் போனால் கையில் மாவுக்கட்டு! ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துவிட்டாராம்.

மாத்திரை டப்பாவைத் திறந்தேன். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். அதனால் சிலருக்குக் கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்த இன்னொரு டாக்டர் நீர் மாத்திரை எழுதியிருக்கிறார். ராத்திரி நாலு தடவை எழுந்ததில் தூக்கம் போச்சு. அதற்கு மூன்றாமவர் தூக்க மாத்திரை. அப்புறம் விழாமல் என்ன செய்வார்?

"இங்க டாக்டர் எப்ப பெரியம்மா வந்தாரு?"

"ஓணத்தப்ப வந்தாரு கண்ணு."

நான் வேலை பார்க்கும் அமெரிக்க நர்சிங் ஹோம்கள் சொர்க்கம் ஒன்றுமில்லை. ஆனால் அரசுக் காப்பீட்டுப் பணம் வாங்கும் இல்லங்களுக்கு விதி இருக்கிறது. முதல் 90 நாள் வரை 30 நாளுக்கு ஒருமுறை, பிறகு 60 நாளுக்கு ஒருமுறையாவது மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை மருந்தாளுநர் எல்லா மருந்துகளையும் சரிபார்க்க வேண்டும்.

நம் நாட்டின் 2007 மூத்த குடிமக்கள் சட்டம் அரசு ஆஸ்பத்திரிகளில் முதியோருக்குத் தனி வரிசை கேட்கிறது. நல்லதுதான். ஆனால் வரிசையில் நிற்க முதலில் எழுந்து நிற்க முடிய வேண்டுமே!

வழி கேரளாவிலேயே இருக்கிறது. 2008-இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கு அரசே கொள்கை வகுத்தது. பஞ்சாயத்து நர்ஸ்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அதே அக்கறையோடு ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு பொறுப்பு டாக்டர், மாதம் ஒரு வருகை என்று கட்டாயமாக்கினால் என்ன?

பெரியம்மாவுக்கு உள்ளூர் டாக்டர் ஒருவர் உட்கார்ந்து மொத்தப் பட்டியலையும் பார்த்தார். அழுத்த மாத்திரையை மாற்றினார், நீர் மாத்திரையை நிறுத்தினார், தூக்க மாத்திரையை மெல்லக் குறைத்தார். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. (நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்!)

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்கிறோம். கூடவே "டாக்டர் வந்தாரா?" என்றும் கேளுங்கள்.