கணவர் ராணுவத்தில் காயம்பட்டால் மனைவிக்கு லீவு உண்டா? சியோலில் உண்டு, ஒரகடத்தில் இல்லை!

ஒரகடத்தில் உதிரிபாக ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். எல்லைப் பணியில் அவருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ராணுவ மருத்துவமனை. பிறகு புனேவின் கிர்க்கியில் உள்ள மறுவாழ்வு மையம். பல மாதங்கள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இவருக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும்? திரும்பி வரும்போது வேலை இருக்குமா?

இது வெறும் கற்பனை இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பெல்ட்டுக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை பக்கமிருந்து வேலைக்கு வருபவர்கள் ஏராளம். வீட்டுக்கு வீடு ராணுவத்தினர் இருப்பதால் 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டையும் அதே வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன தருகிறது?

20 நாள் வேலை பார்த்தால் சம்பளத்துடன் 1 நாள் விடுப்பு. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் இந்தக் கணக்கு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தால் 15 நாள். மிச்சம் பிடித்து அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோவதும் பொதுவாக 30 நாள் வரைதான். லீவே போடாமல் பத்து வருஷம் உழைத்தவர் கையிலும் சுமார் 45 நாள்தான் இருக்கும்.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்கிறீர்களா? 91 நாள் வரை 70% சம்பளம் தருவார்கள். ஆனால், தொழிலாளிக்கே உடம்பு சரியில்லை என்றால் மட்டும்.

லீவு முடிந்தும் 8 நாளுக்குள் வந்து சரியான காரணம் சொல்லாவிட்டால் வேலையின் மீதான உரிமையே போய்விடும் என்பது மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளில் உள்ள விதி. ஒப்பந்தத் தொழிலாளிக்கு மெமோகூட வராது. 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று கான்ட்ராக்டர் சொன்னால் முடிந்தது கதை.

100% ஊனமடைந்து, பிறர் உதவியின்றி இயங்கவே முடியாத வீரருக்கு உதவியாளர் படி உண்டு. 2017-இல் அது மாதம் 6,750 ரூபாயாக உயர்ந்தது. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று அரசே ஒப்புக்கொள்கிறது. அந்த ஆளின் வேலை என்னாகும் என்பதற்குத்தான் பதில் இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்கா 2008-இல் இதற்கென்றே சட்டம் போட்டது. காயம்பட்ட வீரரின் துணைவர், பெற்றோர், பிள்ளைகள், நெருங்கிய உறவினர் 26 வாரம் வரை லீவு எடுக்கலாம். சம்பளம் கிடையாது. ஆனால், அதே வேலையோ அதற்கு நிகரான வேலையோ காத்திருக்கும்.

அமெரிக்காவை விடுங்கள். நம் பெல்ட்டையே பாருங்கள். ஹூண்டாய், சாம்சங்கின் தாய்நாடான தென் கொரியாவில் குடும்பத்தினரைக் கவனிக்க ஆண்டுக்கு 90 நாள் வரை விடுப்பு உண்டு. கோமாட்சுவின் ஜப்பானில் ஒரு உறவினருக்கு 93 நாள். டெய்ம்லரின் ஜெர்மனியில் 15 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களில் 6 மாதம் வரை. ராணுவமா, இல்லையா என்றுகூட அங்கே கேட்பதில்லை. தலைமையகத்துக்குப் பழகிப்போன விஷயம், இங்குள்ள ஹெச்.ஆர். மேஜையில் மட்டும் முடியாத காரியமா?

லைன் நின்றுவிடாதா?

இதே கேள்வியை 2017-இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமானபோதும் கேட்டார்கள். அது சம்பளத்துடன் கூடிய விடுப்பு. ஆனாலும் ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. காயம்பட்ட வீரர்களின் குடும்பங்களோ எண்ணிக்கையில் மிகக் குறைவு. ராணுவ மருத்துவமனைச் சான்றிதழே ஆதாரம் என்பதால் ஏமாற்றவும் வழியில்லை.

தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு நாற்காலி கட்டாயம் என்று 2021-இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. 26 வாரம், சம்பளம் இல்லாவிட்டாலும் வேலைக்கு உத்தரவாதம், ஒப்பந்தத் தொழிலாளருக்கும் சேர்த்து. தமிழக அரசு இதைத் தொடங்கிவைக்கலாம். பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கும் மகளுக்கும் இது அடுத்து வர வேண்டும்.

வீரருக்கு சல்யூட் அடித்து ஸ்டேட்டஸ் வைப்பது நல்லதுதான். ஆனால், அவர் எழுந்து நடக்கும்வரை வீட்டு வாடகை கட்டப்போவது மனைவியின் சம்பளம். அந்த வேலை அவருக்காகக் காத்திருக்க வேண்டும்.