எடை குறைந்த பக்கமே மலைக்கு ஏறும்

மறையூரில் கரும்புச் சாறு காய்ச்சி வெல்லம் உருட்டும் ஒருவர், சரக்கு ஏற்றிச் சென்ற வண்டிக்கு வாடகை அனுப்பக் கைப்பேசியில் இணைய வங்கியைத் திறக்கிறார். பக்கம் பாதி தெரிகிறது. நடுவில் ஒரு வளையம் சுழல்கிறது. ஓ.டி.பி. குறுஞ்செய்தியாக வந்து சேர்ந்துவிடுகிறது. அதை இட வேண்டிய கட்டம் மட்டும் வரவில்லை. கட்டம் வரும்போது ஓ.டி.பி.யின் காலம் முடிந்துவிடுகிறது. மறுபடி முயல்கிறார். பணம் போயிற்றா, இருமுறை போயிற்றா என்ற ஐயத்துடன் மறுநாள் வேலையை விட்டுவிட்டுக் கிளைக்கு வருகிறார். மலைப்பகுதிக் கிளைகளில் பணியாற்றிய எவருக்கும் இக்காட்சி புதிதன்று. "உங்கள் ஊரில் டவர் இல்லை" என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் விடை. அவ்விடை பாதி உண்மை. மீதிப் பாதி நம்மிடம் இருக்கிறது.

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும், பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் தமிழர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். இப்பகுதியின் நில அமைப்பே தனி வகை. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. ஆயினும் சாலை வழியே அங்குச் செல்லத் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். கைப்பேசி அலைக்கும் ஏறக்குறைய இதே கதிதான். வாளையாறு, குமுளி, போடிமெட்டு போன்ற எல்லையோரங்களில் கருவி ஒரு நேரம் கேரளக் கோபுரத்தைப் பற்றும், மறுநேரம் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பற்றும். தேயிலைத் தோட்டங்களில் ஒரு மேட்டில் கிடைக்கும் அலை அடுத்த பள்ளத்தில் கிடைப்பதில்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் நிலச்சரிவு எழுபது பேரைப் பலிகொண்ட இரவில், மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போனதால் செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலை ஆயிற்று.

கோபுரம் நடுவதும் கண்ணாடியிழைக் கம்பி இழுப்பதும் வங்கியின் வேலையல்ல. கேரள அரசு 2023 ஜூனில் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. அது தோட்டத்து லயங்கள் வரை ஏறட்டும் என்று வாழ்த்துவோம். ஆனால் நாம் அனுப்பும் பக்கத்தின் எடை முழுக்க முழுக்க நம் கையில் உள்ளது.

இன்றைய இணையப் பக்கம் வெறும் எழுத்தும் படமும் அன்று. கட்டத்தைத் திறப்பது, எண்ணைச் சரிபார்ப்பது, பொத்தானுக்கு உயிரூட்டுவது எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளின் வேலை. அவை வந்து சேரும்வரை பல பக்கங்கள் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு உதவா. இக்கோப்புகளை எழுதும் பொறியாளர், தம்மைப்போன்ற பிறர் படிக்க வேண்டுமென்று இடைவெளி விடுகிறார், விளக்கக் குறிப்புகள் சேர்க்கிறார், மாறிகளுக்கு நீண்ட பெயர் சூட்டுகிறார். நல்ல பழக்கமே. ஆனால் வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு அவற்றில் ஒன்றும் தேவையில்லை. அவற்றை நீக்கி, நீண்ட பெயரை ஓரெழுத்தாக்கி அனுப்புவது சுருக்குதல். அவ்வாறு சுருங்கியதில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களுக்குக் குறியீடு இட்டு வழங்கியிலிருந்து அனுப்பி, கைப்பேசியில் பழையபடி விரித்துக்கொள்வது அமுக்குதல். 1992 முதல் புழங்கும் ஜிஜிப் முறையும், கூகுள் உருவாக்கிய ப்ராட்லி முறையும் இதற்கானவை.

நம் முன்னோடிகளுக்கு இது புதுமையாகத் தோன்றாது. தந்திக்குச் சொல்லுக்கு இத்தனை என்று கட்டணம் இருந்த நாளில், வணிகர்களும் வங்கிகளும் சங்கேதச் சொல் ஏடு வைத்திருந்தனர். ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லால் அனுப்பினர். மறுமுனையில் இருந்தவர் ஏட்டைப் பார்த்து விரித்துக்கொண்டார். தேவையற்ற சொல்லை முதலில் நீக்குவது ஒரு சிக்கனம். எஞ்சியதைச் சங்கேதமாக்குவது மற்றொன்று.

"அமுக்கினால் போதுமே, சுருக்குவானேன்?" என்று கேட்பவர் உண்டு. உலகெங்கும் பயன்படும் ஜேகுவெரி என்னும் நிரல் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அதன் மூன்றாம் தலைமுறைப் பதிப்பு, எழுதியவாறே ஏறத்தாழ 285 கிலோபைட். சுருக்கினால் 90க்குச் சற்றுக் குறைவு. சுருக்காமல் அமுக்கினால் சுமார் 85. இரண்டையும் செய்தால் ஏறத்தாழ 30. மலைச்சரிவில் நொடிக்கு 12 கிலோபைட் வருவதாக வைத்துக்கொண்டால், முதல் நிலையில் 24 நொடி, கடைசி நிலையில் இரண்டரை நொடி. இது ஒரே ஒரு கோப்புக்கான கணக்கு. பக்கமொன்றுக்கு ஒரு மெகாபைட் ஜாவாஸ்கிரிப்ட் என்றால், அதே வேகத்தில் 80 நொடிக்கு மேல் ஆகும். ஓ.டி.பி. ஏன் காலாவதியாகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

தமிழுக்கென ஒரு தனிச் செய்தியும் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும், யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் ஒற்றும் உயிர்மெய்க் குறியும் உட்பட ஐந்து குறிகள். ஆகப் பதினைந்து பைட். சில சுருக்கு மென்பொருள்கள், தனியாகச் சொல்லி வைக்காவிட்டால், தமிழ் எழுத்தை ஆறெழுத்துக் குறியீடாக மாற்றிவிடும். அப்போது முப்பது பைட். சுருக்க வந்த கருவி இரட்டிப்பாக்கி வைக்கிறது! 'தமிழில் தந்தால் பக்கம் கனக்கும்' என்று சொல்லித் தமிழ்ப் பக்கத்தைத் தள்ளிப்போடுவோர்க்கு நம் மறுமொழி இதுதான்: அமைப்பைச் சரிசெய்யுங்கள். தமிழ்க் குறிகளின் முன்னிரண்டு பைட்டுகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் அமுக்குதலில் அவை நன்றாகவே அடங்கும். தேவிகுளத்துத் தொழிலாளிக்குத் தமிழ்ப் பக்கம் தர எடை ஒரு சாக்காகக் கூடாது.

அமுக்கினால் எல்லாம் தீர்ந்ததென்று நாம் கருதவில்லை. அமுக்கிய கோப்பு கைப்பேசியில் முழு அளவுக்கு விரிந்தபின், அதைப் படித்துப் புரிந்து இயக்குவது அக்கருவியின் செயலி. விலை குறைந்த கைப்பேசியில் இதற்கே கணிசமான நேரம் செல்லும். ஆகவே பயன்படாத நிரலை முதலிலேயே அகற்ற வேண்டும். இருப்பு பார்க்க வந்தவருக்குக் கடன் கணிப்பான், விளம்பரச் சுழற்சி, விழாக்கால அசைவூட்டம் ஆகியவற்றின் நிரலை எதற்கு அனுப்ப வேண்டும்? விளம்பரப் பிரிவு நண்பர்கள் வருந்தினாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வங்கிக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. இரகசியக் குறியீடும் பயனர் இட்ட சொல்லும் ஒரே பக்கத்தில் கலந்து அமுக்கப்பட்டால், மறையாக்கம் இருந்தும், அளவின் மாறுதலைக் கொண்டே இரகசியத்தை ஊகிக்கலாம் என்பதை 2013இல் 'பிரீச்' எனப்பட்ட தாக்குதல் காட்டியது. எனவே கணக்கு விவரம் தாங்கும் பக்கங்களில் பாதுகாப்புப் பிரிவினர் அமுக்குதலுக்குத் தயங்குவது நியாயமே. ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் எவருடைய இரகசியமும் இருக்கலாகாது; இருந்தால் அது வேறு பெரும் பிழை. அக்கோப்புகளை அமுக்குவதற்குப் 'பாதுகாப்பு' என்ற சொல் தடையாக வரக்கூடாது. சுருக்கிய நிரலில் பிழை தேடுவது கடினம் என்பாரும் உளர். மூலத்தோடு ஒப்பிட உதவும் வரைபடக் கோப்பைப் பொறியாளர் தம்மிடம் வைத்துக்கொண்டால் அக்குறையும் தீரும்.

இதையெல்லாம் செய்யப் பெருஞ்செலவு இல்லை. வழங்கியின் அமைப்பில் சில வரிகள், நிரல் வெளியிடும் முறையில் ஒரு படி, அவ்வளவே. இருந்தும் விடுபடுவது ஏன்? சோதிப்பவர் மாநகரில், விரைவான இணைப்பில், விலை உயர்ந்த கருவியில் சோதிக்கிறார். அவருக்கு எந்தப் பக்கமும் கனப்பதில்லை. ஒப்பந்தப் பத்திரத்தில் பாதுகாப்புக்கு விதி உண்டு, நிறத்துக்கும் சின்னத்துக்கும் விதி உண்டு. பக்கம் இத்தனை கிலோபைட்டுக்கு மிகலாகாது என்ற விதி பொதுவாக இருப்பதில்லை. அவ்விதியைச் சேர்க்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. புதிய பதிப்பு வெளிவருமுன், வட்டவடையிலோ வண்டிப்பெரியாற்றிலோ உள்ள ஒரு கிளை ஊழியர் தம் சொந்தக் கைப்பேசியில் திறந்து பார்த்து நேரம் குறித்து அனுப்பட்டும். அந்த எண் இல்லாமல் ஒப்புதல் கையெழுத்து விழ வேண்டாம்.

அதுவரை, பக்கம் திறக்காதபோது *99# என்று அழைத்து இருப்பு அறியவும் பணம் அனுப்பவும் வழி இருக்கிறது. அதற்கு இணையம் தேவையில்லை. கட்டணம் போயிற்றா என்ற ஐயம் வந்தால், மறுபடி அனுப்புவதற்கு முன் இருப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.