அகதி முகாமுக்கு முதலில் போக வேண்டியது டாக்டரா, கழிப்பறையா?

போர், வெள்ளம், நிலநடுக்கம் என்று எது வந்து லட்சக்கணக்கானவர்கள் ஊரை விட்டு ஓடினாலும், டிவியில் வரும் காட்சிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஹெலிகாப்டர், சாப்பாட்டுப் பொட்டலம், ஸ்டெதஸ்கோப்புடன் டாக்டர், வரிசையில் நிற்கும் குழந்தைகள். கழிப்பறைக்குக் குழி வெட்டும் ஆளை எந்த கேமராவும் தேடிப் போவதில்லை. ஆனால் தப்பி வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் உயிரோடு இருப்பார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்தக் குழிதான்.

இதை உலகத்துக்கு மிகக் கொடூரமாகக் காட்டிய ஊர் கோமா.

கோமாவில் என்ன நடந்தது?

1994 ஜூலை. ருவாண்டாவில் இனப்படுகொலைக்குப் பிறகு ஆட்சி கைமாறிய நேரம். 14ஆம் தேதி முதல் 17 வரை, நான்கே நாளில் 5 லட்சத்திலிருந்து 8 லட்சம் பேர் எல்லை தாண்டி, இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோமா பகுதிக்குள் நுழைந்தார்கள். (அந்தக் கூட்டத்தில் படுகொலையை நடத்திய ஆயுதக் குழுக்களும் இருந்தன. முகாம்களில் உணவு விநியோகத்தைக் கையில் எடுத்துக்கொண்டதும் அவர்கள்தான். அது தனிக் கதை.)

அவர்கள் உட்கார்ந்த இடம் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. மண்வெட்டி இறங்காது. கழிப்பறைக்கும் குழி வெட்ட முடியவில்லை, இறந்தவர்களைப் புதைக்கவும் முடியவில்லை. தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தது கீவு ஏரி. முதல் வாரத்தில் நிவாரண அமைப்புகளால் கொடுக்க முடிந்த சுத்திகரித்த தண்ணீர், ஒருவருக்கு நாளொன்றுக்கு சராசரியாக 200 மில்லி. ஒரு டம்ளர், அவ்வளவுதான். மீதிக்கு ஏரிதான் கதி.

ஜூலை 20ஆம் தேதி காலரா உறுதியானது. பின்னாலேயே ரத்தபேதி வந்தது. முதல் ஒரு மாதத்தில் மட்டும் கிட்டத்தட்ட 50,000 பேர் செத்துப்போனார்கள். அதில் பெரும்பாலானவை வயிற்றுப்போக்கு மரணங்கள். துப்பாக்கிக்குத் தப்பி வந்தவர்களைத் தண்ணீர் கொன்றது.

சரி, டாக்டர்கள் யாருமே இல்லையா? இருந்தார்கள். ஆனால் பலர் அதற்கு முன் காலரா நோயாளியைப் பார்த்ததே இல்லை. வாய்வழி உப்பு-சர்க்கரைக் கரைசலைப் போதுமான அளவு கொடுக்கவில்லை, உடலில் நீரேற்றும் வேகமும் போதவில்லை என்று பிறகு ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். சரியாகச் சிகிச்சை கொடுத்தால் காலராவில் 100 பேரில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. அந்த நோயில் பழம் தின்று கொட்டை போட்ட டாக்காவின் வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மையத்திலிருந்து ஒரு குழு கோமாவுக்குப் போனது. அவர்கள் கைவைத்த இடத்தில் மரணங்கள் குறைந்தன. பணக்கார நாடுகளின் மருத்துவக் குழுக்கள் திணறிய இடத்தில் கைகொடுத்தது வங்கதேசத்தின் அனுபவம் என்பது அதிகம் பேசப்படாத விஷயம்.

ஒரு நாளைக்கு எத்தனை மரணம்?

அவசரகால சுகாதாரத் திட்டமிடலில் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஓர் எண். 10,000 பேர் இருக்கும் முகாமில் ஒரு நாளைக்கு ஒரு மரணம் என்ற அளவைத் தாண்டினால் அது அவசரநிலை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அளவு 2.

ஒன்றுதானே என்று தோன்றலாம். இந்தியாவில் 10,000 பேர் வாழும் ஒரு சாதாரண ஊரில் ஐந்தாறு நாளைக்கு ஒரு மரணம்தான் நடக்கும். கோமா முகாம்களில் அது நாளொன்றுக்கு 20 முதல் 35 வரை போனது.

எத்தனை டன் அரிசி வந்தது, எத்தனை விமானம் இறங்கியது என்ற கணக்கெல்லாம் கொடுப்பவர்களின் கணக்கு. வாங்குபவர்களின் பக்கம் நின்று எண்ணினால் கிடைப்பது இந்த ஒற்றை எண். அதனால்தான் பல அரசுகளுக்கு இது பிடிப்பதில்லை.

கோமா தந்த அவமானத்துக்குப் பிறகு, 1997இல் நிவாரண அமைப்புகள் சேர்ந்து ‘ஸ்பியர்’ என்ற குறைந்தபட்சத் தர அளவுகோலை உருவாக்கத் தொடங்கின. அதன் கணக்கு ரொம்ப சிம்பிள். 10,000 பேர் கொண்ட முகாமை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்றால் மொத்தம் 1.5 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி தினமும் 13 நடை வர வேண்டும். கழிப்பறை ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒன்று, சீக்கிரமே 20 பேருக்கு ஒன்று, அதாவது 500. அதிலும் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. ஆண்டு பிறப்பு விகிதம் 4 சதவிகிதம் என்று வைத்தால் மாதம் 33 பிரசவம். அதில் ஐந்து பேருக்காவது உயிருக்கு ஆபத்தான சிக்கல் வரலாம். அவர்களை எந்த வண்டியில், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்பது முகாம் திறக்கும் நாளிலேயே முடிவாகியிருக்க வேண்டும். குழந்தைகளுக்குத் தட்டம்மை தடுப்பூசியும் அப்படித்தான், யாருக்காவது வந்த பிறகு யோசிக்கிற வேலை அல்ல.

களத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் வாரத்தில் நடக்காதுதான். ஆனால் 500 தேவை, 60தான் இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த லாரியில் என்ன ஏற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

காக்ஸ் பஜார்: பாதி பாஸ்

கோமாவுக்குப் பாடம் எடுக்கப் போன வங்கதேசத்துக்கே அந்தத் தேர்வு 2017இல் வந்தது. ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியான்மரின் ராகைன் மாநிலத்திலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் காக்ஸ் பஜாருக்கு ஓடிவந்தார்கள். இந்த முறை காலரா வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. அக்டோபர் 10ஆம் தேதியே வாய்வழி காலரா தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள், கையில் 9 லட்சம் டோஸ். கோமா மாதிரியான காலரா பேரழிவு அங்கே நடக்கவில்லை. இதை வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் வந்தது வேறொன்று. ராகைனில் பல ஆண்டுகள் வழக்கமான தடுப்பூசிகளே சரியாகக் கிடைக்காத மக்கள் அவர்கள். நவம்பரில் தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, தலைகாட்டியது. 8,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது, 40க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். பாடப்புத்தகத்தில் மட்டுமே அந்த நோயைப் படித்திருந்த டாக்டர்கள் பலர். அதற்கான எதிர்நச்சு மருந்தோ உலக அளவிலேயே தட்டுப்பாடு. வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், அங்கே அவர்களுக்கு எது கிடைக்காமல் இருந்தது என்ற கேள்வியையும் திட்டத்தில் சேர்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

கழிப்பறை விஷயத்தில் இன்னொரு கோளாறு. எண்ணிக்கையைக் காட்ட ஆயிரக்கணக்கில் அவசரமாகக் கட்டினார்கள். குழி ஆழமில்லை, சில மாதங்களில் நிரம்பியது. அள்ளிக் கொட்ட ஏற்பாடு இல்லை. பல அடிபம்புகள் அந்தக் குழிகளுக்குப் பக்கத்திலேயே போடப்பட்டிருந்தன. விளக்கு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. இருட்டிய பிறகு வெளியே போகப் பயந்து, பெண்கள் பலர் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டதாக அங்கே பணியாற்றிய அமைப்புகள் பதிவு செய்தன. ஒரு பெண்ணுக்குப் பயன்படாத கழிப்பறையையும் அறிக்கையில் ‘ஒன்று’ என்றுதான் எழுதுவார்கள். இங்கேதான் சிக்கல்.

நம்ம ஊரில்?

தமிழ்நாட்டில் இடம்பெயர்வு என்றால் பெரும்பாலும் புயல், வெள்ளம். தங்கவைக்கும் இடம் அரசுப் பள்ளி அல்லது கல்யாண மண்டபம். சில நாட்களில் வீடு திரும்பிவிடலாம் என்பதால் கோமா அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் யாரும் எடுக்காத பழைய துணிகள் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, அனுப்புவதும் தேவைப்படுவதும் வேறு வேறு என்பது தெரியும். ஒரு டோஸ் தடுப்பூசி பரவலாகப் போடப்பட்டிருந்த கடலூர் மாவட்டத்தில்கூட சுனாமிக்குப் பிந்தைய மாதங்களில் தட்டம்மை பரவியது.

சில விஷயங்களில் தமிழ்நாடு கெட்டிதான். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் இருக்கிறது. பிரசவ தேதி நெருங்கியவர்களைப் புயலுக்கு முன்பே மருத்துவமனைக்கு மாற்றும் பழக்கமும் உண்டு. காக்ஸ் பஜாரில் இல்லாத வசதி இது. இதே மாதிரி டயாலிசிஸ் செய்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள் பட்டியலும் முகாம் பொறுப்பாளர் கையில் இருந்தால், மாத்திரை டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த தாத்தா பாட்டிகள் தவிக்க வேண்டியிருக்காது.

விதிமுறையும் ஏற்கெனவே இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெளியிட்ட குறைந்தபட்ச நிவாரணத் தரங்களின்படி, ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், குடிக்க 3 லிட்டர் தண்ணீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக. ஸ்பியர் சொல்வதைவிடக் கொஞ்சம் தளர்வான கணக்கு. அதைக்கூட ஒவ்வொரு மழைக்கும் வெளியாகும் செய்திக்குறிப்பில் பார்க்க முடியாது. எத்தனை முகாம், எத்தனை பேர், எத்தனை உணவுப் பொட்டலம் என்பதோடு குறிப்பு முடிந்துவிடும்.

600 பேரைத் தங்கவைக்கப் போகிற ஒரு பள்ளிக்கு அந்தக் கணக்குப்படி 20 கழிப்பறை வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. எந்தெந்தப் பள்ளிகள் முகாமாகும் என்ற பட்டியல் அதற்கு முன்பே மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கும். அந்தப் பட்டியலில் ‘கழிப்பறை’ என்று இன்னொரு பத்தி சேர்த்து, தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நேரில் பார்த்து நிரப்ப ஒரு பள்ளிக்கு அரை நாள் போதும்.